குட்டி கேம் பெட்டிக்குள் ஒரு ஃபேக்டரி வாசல்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த குறிப்பு இது. மேலோட்டமாகப் பார்த்தால் விளையாட்டு விஷயம்தான். நின்டெண்டோ நிறுவனம் 2016-ல் வெளியிட்ட உள்ளங்கை அளவு கேம் பெட்டியில், கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளை மாற்றி நம் இஷ்டத்துக்கு ஒன்றை ஏற்றுவது எப்படிச் சாத்தியமானது என்ற கதை. ஆனால் தோண்டிக்கொண்டே போனதில் கதை ஜப்பான், தைவான், ரஷ்யா எல்லாம் சுற்றிவிட்டு மறைமலை நகரில் எங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவர். பெயரெல்லாம் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. 2019 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் இருக்கும் சித்தி பையன் கொண்டுவந்து கொடுத்த அந்தக் குட்டிப் பெட்டியை லேப்டாப்பில் செருகி நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ரீசெட் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே பவர் பட்டனைத் தட்டணும், பிறகு கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்கணும். அண்ணன் பின்னால் நின்று ரெண்டு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்குப் போயி ஹேக்கிங்னு பேரா? தம்பி, இது எங்க ஸ்டேஷன்ல நாள் பூரா பண்ற வேலை."

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரை. அதை விளக்கத்தான் மீதி எல்லாம்.

பூட்டில்லாத மெஷின்

கொஞ்சம் பின்னால் போகலாம். நின்டெண்டோவின் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு வந்தது. சுருக்கமாக ஃபேமிகாம். அதன் மூளை, 6502 என்ற பழைய பிராசசரை அடிப்படையாக வைத்து ரிக்கோ நிறுவனம் செய்த சிப். அந்த மெஷினில் பூட்டு என்று எதுவுமே கிடையாது. 60 பின் கொண்ட கேசட்டை மேலே செருகினால் உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதை ஓட்டும். யார் செய்த கேசட் என்று கேட்காது.

இதே மெஷினை 1985-ல் அமெரிக்காவுக்கு என்.இ.எஸ். என்ற பெயரில் கொண்டுபோனபோது ஒரு பூட்டு சேர்த்தார்கள். டென்நெஸ் என்று அதற்குப் பெயர். மெஷினுக்குள் ஒரு சிப், கேசட்டுக்குள் ஒரு சிப். ரெண்டும் ஒன்றோடொன்று ரகசியமாகப் பேசிக்கொள்ளும். பேச்சு சரியாக இல்லையென்றால் மெஷின் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். கேசட் பின்னும் 60-லிருந்து 72 ஆனது.

அந்தப் பூட்டைத் திறக்க நடந்த தகராறு பெரிய கதை. அட்டாரி கேம்ஸ், தன் டெங்கன் என்ற பெயரில் கேசட் விற்பதற்காக, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருந்த டென்நெஸ் நிரலின் பிரதியை, கோர்ட் வழக்குக்குத் தேவை என்று பொய்யான காரணம் சொல்லி வாங்கியது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அட்டாரிக்கு எதிராகத்தான் சொன்னது. சாவியை நேர்வழியில் செய்திருந்தால் நிலைமை வேறு, எடுத்த வழி தப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

நமக்கு முக்கியமான விஷயம் வேறு. நம் ஊருக்கு வந்தது அந்த அமெரிக்க மெஷின் அல்ல. பூட்டில்லாத ஜப்பான் மெஷினின் நகல்.

தைவானின் யு.எம்.சி. நிறுவனம் அந்த பிராசசரையும் படம் வரையும் சிப்பையும் நகலெடுத்துச் செய்தது. மைக்ரோ ஜீனியஸ் போன்ற பெயர்களில் நகல் மெஷின்கள் உலகம் முழுக்கப் போயின. ரஷ்யாவில் 1992 கடைசியில் டெண்டி என்ற பெயரில் வந்து ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது. இந்தியாவில் சாமுராய், மீடியா என்று வேறு வேறு பெயர்கள். பின்னால் வந்த மெஷின்களில் சிப்பைக்கூடப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே சிப்பாகச் சுருங்கி, போர்டின் நடுவில் தார் உருண்டை மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்ததும் அப்படித்தான். கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையே"ன்னு அப்பாவிடம் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகப் புகார் சொன்னது நினைவிருக்கிறது.

ஏன் நகல்தான் வந்தது, ஒரிஜினல் வரவில்லை? ஒரே ஒரு கணக்குப் போதும். சேகா நிறுவனம் 1995 ஏப்ரலில் ஷா வாலஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு மெகா டிரைவ் மெஷினை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் அந்த ஒப்பந்தமே. அப்படியும் ஒரு பெட்டி 18,000 ரூபாய். 1995-ல் 18,000 ரூபாய் என்றால் எங்கள் தெருவில் அதை வாங்கக்கூடிய வீடு ஒன்றுகூட இல்லை. நகல் மெஷின் அதில் சின்னப் பங்கு விலைக்குக் கிடைத்தது.

கேசட் சொன்ன பொய்

அந்தக் காலத்துக் கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டு விளையாட்டுதான். மீதியெல்லாம் அதே மரியோ மூன்றாவது உலகத்திலிருந்து ஆரம்பிக்கும், அதே கான்ட்ரா கூடுதல் உயிரோடு ஆரம்பிக்கும். சின்ன வயதில் ஏமாற்று என்று திட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால், யாரோ ஒருத்தர் ஒரிஜினல் நிரலைத் திறந்து, எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்றினால் எந்த லெவலில் ஆரம்பிக்கும் என்று கண்டுபிடித்து, பட்டியலும் தயாரித்திருக்கிறார். மென்பொருளை மாற்றி எழுதுவதை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கேசட்டில்தான். அப்போது அதற்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

பூட்டில்லாத மெஷின் வந்ததால் இன்னொரு வினோதமும் நடந்தது. பேட்டில் சிட்டி, அதாவது நாமெல்லாம் 'டாங்க்' என்று விளையாடியது. நாம்கோ 1985-ல் ஜப்பான் ஃபேமிகாமுக்காக வெளியிட்டது. அமெரிக்க என்.இ.எஸ்.ஸில் அது வரவேயில்லை. அதனால் அமெரிக்கக் குழந்தைக்குத் தெரியாத ஒரு ஜப்பான் விளையாட்டு செங்கல்பட்டுப் பக்கத்துக் குழந்தைக்கு மனப்பாடம்.

2016-ல் வந்த குட்டிப் பெட்டி

2016 நவம்பரில் நின்டெண்டோ பழைய என்.இ.எஸ்.ஸின் குட்டி வடிவத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் 59.99 டாலர். உள்ளே 30 விளையாட்டுகள். கேசட் மூடி மாதிரி ஒன்று இருக்கும், ஆனால் திறக்காது. இன்டர்நெட் கிடையாது, மெமரி கார்டு கிடையாது. 30 என்றால் 30, அவ்வளவுதான். ஆறே மாதத்துக்குள், 2017 ஏப்ரலில், தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். பிறகு கூச்சல் தாங்காமல் 2018 ஜூனில் மறுபடி விட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த 30-ல் ஒரு குறை கண்ணில் படும். சூப்பர் சி இருக்கிறது. அது கான்ட்ராவின் இரண்டாம் பாகம். முதல் கான்ட்ரா இல்லை. டாங்கும் இல்லை. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் விளையாடியது எதுவோ அது அந்தப் பெட்டியில் இல்லை.

பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது பழைய 6502 குடும்பத்து சிப்பை அல்ல. ஆல்வின்னர் என்ற சீனக் கம்பெனியின் ஆர்16 சிப், நான்கு கோர். 256 எம்.பி. ரேம். 512 எம்.பி. ஃப்ளாஷ் நினைவகம். அதில் லினக்ஸ் ஓடுகிறது. லினக்ஸுக்கு மேல் பழைய மெஷினைப் போல நடிக்கும் ஓர் எமுலேட்டர். மலிவான டேப்லெட்டில் இருக்கும் அதே சரக்கு, மேலே சாம்பல் நிறச் சட்டை.

இங்கே அளவுகளைக் கொஞ்சம் பாருங்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழு விளையாட்டும் 40 கே.பி. கான்ட்ரா 128 கே.பி. இப்போது வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்தைவிடச் சின்னது. 512 எம்.பி.யில் 30 விளையாட்டு போக மிச்ச இடம் காலியாகக் கிடந்தது. இடம் இல்லாமல் 30-ல் நிறுத்தவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

2017 ஜனவரி

இரண்டே மாதம். 2017 ஜனவரி ஆரம்பத்தில் ரஷ்யாவிலும் ஜப்பானிலும் இருந்த ஆர்வலர்கள் பெட்டிக்குள் புதிய விளையாட்டுகளை ஏற்றிக் காட்டிவிட்டார்கள். மேட்மங்கி என்ற புனைபெயர்க்காரர் எழுதிய ஹாக்சி என்ற கருவி முதலில் வந்தது. அதை எடுத்து, க்ளஸ்டர் என்ற புனைபெயரில் எழுதும் ரஷ்யர் விண்டோஸில் பட்டன் அமுக்கினால் வேலை செய்கிற மாதிரி ஹாக்சி2 ஆக்கினார். டெண்டியோடு வளர்ந்த ஊரிலிருந்து இது வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அவர்கள் எதையும் உடைக்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். ஆல்வின்னர் சிப்பில் ஃபெல் என்று ஒரு நிலை உண்டு. மின்சாரம் வந்ததும் சிப் முதலில் ஓட்டுவது, சிப்புக்குள்ளேயே செதுக்கப்பட்ட ஒரு சின்ன நிரல். அதை அழிக்க முடியாது, மாற்றவும் முடியாது. குறிப்பிட்ட பட்டன் அமுக்கியிருந்தால் அந்த நிரல் ஃப்ளாஷ் நினைவகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், யு.எஸ்.பி. வழியாக யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காத்திருக்கும். அப்போது கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நிரலை ரேமில் ஏற்றி ஓடவிடலாம். அந்த நிரல் ஃப்ளாஷில் இருப்பதைப் படித்துக் கொடுக்கும், புதிதாக எழுதவும் செய்யும்.

செய்முறை இவ்வளவுதான்: ரீசெட்டைப் பிடித்தபடி பவரைப் போட்டு ஃபெல் நிலைக்குப் போவது. உள்ளே இருக்கும் ஒரிஜினல் கெர்னலை முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்வது. அதில் சில மாற்றம் செய்த கெர்னலைத் திருப்பி எழுதுவது. பிறகு விளையாட்டுகளைச் சேர்ப்பது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் வழக்கமாக 'ஹேக்கர்கள் பின்கதவைக் கண்டுபிடித்தார்கள்' என்று இங்கே முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவு ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

கதவு யாருக்காக வைத்தது?

இனி நம் ஊருக்கு வருவோம். மறைமலை நகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போய், மேற்கே திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர். விடிகாலையில் அந்த ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். கார், டயர், போன், சார்ஜர் எல்லாம் செய்கிற பாதை. நோக்கியாவின் தொழிற்சாலை 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்தது. பல ஆயிரம் பேர், அதில் பெண்கள் ஏராளம். வரித் தகராறு காரணமாக, 2014 ஏப்ரலில் போன் பிரிவு மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது இந்தத் தொழிற்சாலை போகவில்லை. 2014 நவம்பர் 1 அன்று வேலை நின்றது. பின்னால் அந்த இடத்தை சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வரிசையில் ஓர் இடம் கட்டாயம் இருக்கும். போர்டில் சிப் எல்லாம் ஒட்டி முடித்து வரும்போது அந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. நினைவகம் காலி. தான் போனா கேம் பெட்டியா என்பதுகூட அதற்குத் தெரியாது. அதை ஒரு ஜிக்கில் பொருத்தி, கம்ப்யூட்டரிலிருந்து முதல் மென்பொருளை ஏற்றணும். ஏறிவிட்டால் பச்சை, ஏறாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் ஒதுக்கி வைத்து, மறுபடி ஒருமுறை முயற்சி, அப்புறம் ரிப்பேர் பக்கம். அண்ணன் சொன்ன ஸ்டேஷன் இதுதான்.

"காலி போர்டு எப்படிண்ணா கம்ப்யூட்டர் சொல்றத கேக்கும்? உள்ளதான் ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லன்னு யார் சொன்னா? சிப்பு செய்றவனே உள்ள ஒரு வாசல் வெச்சுத்தான் அனுப்புவான். இல்லன்னா நாங்க எப்படி ஏத்தறது? லைன்ல ஒரு பீஸ் பாதில கரண்ட் போயி செத்துப்போச்சுன்னா தூக்கியா போட முடியும்? திரும்ப அந்த வாசல் வழியா போயி ஏத்துவோம்."

ஃபெல் என்பது அதுதான். மொத்தக் கதையும் அந்தப் பதிலில் இருக்கிறது. கருவி பிறக்கும்போது காலியாகத்தான் பிறக்கிறது. காலியான ஒன்றை நிரப்ப, எந்த மென்பொருளையும் நம்பாத ஒரு வாசல் தேவை. அது வரிசையில் நிற்கும் தொழிலாளிக்காக வைத்த வாசல். பெட்டியை மூடி ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பிறகும் அது அங்கேயே இருக்கிறது. கம்பெனிகள் நினைத்தால் சாவி கேட்கிற மாதிரி அதை இறுக்கலாம், இப்போதைய போன்களில் இறுக்கியும் விட்டார்கள். 59.99 டாலர் பொம்மையில் யாரும் அதற்கு மெனக்கெடவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் போன் கொடுத்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. "சாஃப்ட்வேர் போயிடுச்சு, ஃப்ளாஷ் பண்ணணும்"னு சொல்லி வாங்கி வைப்பார்களே, ஜாஃப் பாக்ஸ் மாதிரி ஒரு பெட்டியில் ஒயரைச் செருகி நோக்கியா போனுக்கு உயிர் கொடுப்பார்களே, அந்தக் கடைக்காரர்கள் உபயோகித்ததும் ஏறக்குறைய இதே மாதிரி வாசல்தான். தொழிற்சாலையில் ஒரு தடவை, ரிப்பேர் கடையில் ஒரு தடவை, ஆர்வக்கோளாறு பிடித்தவன் வீட்டில் ஒரு தடவை. செய்கிற ஆள்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

ஃபர்ம்வேருக்குத் தமிழில் நிலைபொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். "நெலையா இருந்தா நாங்க எதுக்கு ஏத்தணும்?"னார். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றி எழுதிக்கொண்ட அடிகளின் பெயரில் இருக்கிற ஊரில் உட்கார்ந்து இந்தப் பேச்சு. எங்கள் ஊருக்குப் பொருத்தம்தான்.

என் பெட்டி செத்த கதை

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. முதல் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரை ரெண்டு தடவை போட்டேன். அண்ணன் ஒயரைப் பார்த்தார். "இது சார்ஜ் ஒயரு. இதுல டேட்டா போவாது"ன்னார். வீட்டிலிருந்து வேறொன்று கொண்டுவந்தார். உடனே கண்டுபிடித்துவிட்டது.

நான் நேராக மாற்றிய கெர்னலை எழுதப் போனேன். அவர் கையைப் பிடித்தார். "முதல்ல உள்ள இருக்கறத ஒரு காப்பி எடு. அத பெண்டிரைவ்ல வேற வை. அப்புறம் எழுது." எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆனாலும் எடுத்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது என் முழங்கை லேப்டாப்பில் பட்டு ஒயர் நழுவிவிட்டது. திரையில் பிழை. பெட்டியை டிவியில் போட்டேன். கறுப்பு. மறுபடி போட்டேன். கறுப்பு. சித்தி பையன் இதை அங்கே கடை கடையாகத் தேடி வாங்கியிருந்தான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று வயிற்றைக் கலக்கியது.

அண்ணன் அசரவில்லை. "அது சாவாது தம்பி. வாசல் சிப்புல இருக்கு, நீ அழிச்சது வேற இடம்." ரீசெட்டைப் பிடித்து பவரைத் தட்டினார். கம்ப்யூட்டர் டிங் என்றது. எடுத்து வைத்த காப்பியை எழுதினோம். டிவியில் பழையபடி 30 விளையாட்டும் வந்து நின்றது. பிறகு பொறுமையாக, ஒயரை டேப் போட்டு ஒட்டிவிட்டு, மாற்றிய கெர்னலை ஏற்றினோம்.

சூப்பர் மரியோ ஆரம்பித்ததும் அண்ணன் முகம் மாறியது. "பாட்டு வேகமா ஓடுதே?"

அவர் சொன்னது சரி. நம் பழைய டிவி பால் முறை, நொடிக்கு 50 தடவை படம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. விளையாட்டுகள் படத்துக்குப் படம் இசையைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி எழுதப்பட்டவை. அதனால் நம் டிவியில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. குட்டிப் பெட்டி ஓட்டுவது 60. அதாவது ஒரிஜினல் வேகத்தை நாங்கள் ரெண்டு பேரும் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான், எங்கள் காதுக்கு அது தப்பாகப் பட்டது.

இதே விஷயத்தில் சோனி மாட்டிக்கொண்டது. 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டியில் இருந்த 20 விளையாட்டுகளில் ஒன்பது, ஐரோப்பாவுக்கான 50 வடிவம். 60-க்குப் பழகியவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தப் பெட்டியும் சில நாளிலேயே திறக்கப்பட்டது. அங்கே கதை வேறு: பூட்டு ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள், ஆனால் மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே மறந்துவிட்டார்கள். நின்டெண்டோவுடையது தொழிலாளிக்கு வைத்த வாசல். சோனியுடையது அவசரத்தில் நடந்த கவனக்குறைவு. ரெண்டையும் 'ஹேக்' என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் வித்தியாசம் தெரியாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

படிக்கிற யாருக்காவது கைகள் துறுதுறுக்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பு ஏற்பாட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம். 'நோக்கத்தோடு' என்ற சொல் அதில் முக்கியம். இன்னொரு பக்கம் 52-வது பிரிவு, சட்டப்படி வாங்கிய கணினி நிரலை வியாபாரமில்லாமல் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்க அனுமதிக்கிறது.

இதை என் விஷயத்தில் பொருத்திப் பார்த்தால் சங்கடம். எங்கள் பரணில் கிடக்கும் கேசட் நகல் கேசட். அதிலிருக்கும் கான்ட்ராவுக்கு நான் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, கடைக்காரருக்குக் கொடுத்த காசு கொனாமிக்குப் போகவும் இல்லை. இருபது வருஷ நினைவு எனக்கு உரிமை கொடுக்காது. கொனாமி 2019 ஜூனில் பழைய கான்ட்ராக்களை ஒரு தொகுப்பாக விட்டது. காசு கொடுத்து வாங்கி கம்ப்யூட்டரில் விளையாடுகிறேன். குட்டிப் பெட்டியில் ஏற்றியது மைக்ரோ மேஜஸ். மார்ஃப்கேட் கேம்ஸ் என்ற சின்னக் குழு 2019-ல் பழைய என்.இ.எஸ்.ஸுக்காகவே புதிதாக எழுதி விற்ற விளையாட்டு. அதுவும் 40 கே.பி., பழைய மரியோவின் அதே அளவு. முப்பது வருஷத்துக்கு முந்தைய மெஷினுக்கு இன்றைக்கும் ஒருத்தர் விளையாட்டு எழுதுகிறார், அதை ஏற்றிப் பார்க்கப் பெட்டிக்காரர்கள் வழி வைக்கவில்லை, தொழிலாளிக்கு வைத்த வாசல்தான் உதவியது.

எழுதி வைக்காத வேலை

இந்தப் பெட்டிகளின் வரலாறு ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டுவிட்டது. வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, வழக்கு எண் இருக்கிறது, திறந்தவரின் புனைபெயர்கூட இருக்கிறது. முதல் மென்பொருளை ஏற்றிய ஆளைப் பற்றி ஒரு வரி கிடையாது. எது பச்சை, எது சிவப்பு, எந்த ஒயர் டேட்டா கொண்டுபோகும், செத்ததாகத் தெரிவதில் எது உண்மையில் செத்தது, எதற்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்பதெல்லாம் நம் பாதையில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கைப்பழக்கம். ஃபேக்டரி மூடினால் கட்டிடத்துக்கு வேறு கம்பெனி வந்துவிடும். மறைமலை நகரின் ஃபோர்டு தொழிற்சாலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்த அன்று அந்தக் காரைப் பற்றித்தான் செய்தி வந்தது. கைப்பழக்கம் செய்தியில் வராது. ஆள் வேறு வேலைக்குப் போனதும் அது அவரோடு போய்விடும்.

அண்ணன் இப்போது ஒரகடத்தில் வேறு வேலை. ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பையனோடு வந்து மைக்ரோ மேஜஸ் விளையாடுகிறார். பையன் ஜெயிப்பான், இவர் ஒயரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

விளையாட்டு முடிந்ததும் அவர் ஸ்டேஷன் வேலையைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிக் எப்படி இருக்கும், ஒரு பீஸுக்கு எத்தனை நொடி, சிவப்பு விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று. இதுவரை 11 பக்கம் ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்த வரிசையில் நின்றவர்கள் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.